பதினெட்டுச் சக்கரத் தகடு

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் கூட்டம் இருக்கும். மாரியம்மன் கோயிலிலும் இருக்கும். பாசார் சந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, இந்த மூன்றையும் சேர்த்துத் தோற்கடித்தது பந்திங் சாலை ஓரத்துத் தகரக் கொட்டகை ஒன்று.

வெயில் ஏறுவதற்குள் கொட்டகைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறவர்கள், டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மனைவி மக்களை ஒரே வண்டியில் அடுக்கிக்கொண்டு வந்தவர்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் வியாபாரம் முளைக்காமல் இருக்குமா? ஐஸ் சீவிப் போடுகிற செண்டோல் வண்டி வந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வந்தது. ஹெல்மெட் விற்கிறவர் மட்டும் ஒரு வாரம் கடை விரித்துப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டார். அங்கே ஹெல்மெட்டுக்குக் கிராக்கி இல்லை.

இவ்வளவு பேரும் எதற்காக வந்தார்கள்? லோரியிடமிருந்து உயிர் தப்பிக்க.

ஆசை நியாயமானதுதான். கண்டெய்னர் லோரி பக்கத்தில் வந்தால் சின்ன மோட்டார் சைக்கிள் அதன் காற்றிலேயே ஆடும். அந்தச் சாலையால் தாலி அறுந்த வீடுகள் பண்டமாரானில் தெருவுக்கு ஒன்றாவது இருந்தன. பயந்தவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். பாதுகாப்பைச் சொல்லிக் கொடுப்பது சிரமம். விற்பது சுலபம். விற்க ஒருவர் வந்து சேர்ந்தார்.

சக்கரானந்த சுவாமிகள்.

சாமியாவதற்கு முன்னால் அவர் பாலன். மணல் லோரியில் கெலிண்டான் வேலை. அதாவது ஓட்டுநருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, "வரலாம் வா, வரலாம் வா... ஸ்டாப்!" என்று கத்திக் கதவைத் தட்டுகிற உதவியாள். இதை அவர் மறைக்கவில்லை. பக்தர்களும் மறைக்கவில்லை. பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"மத்த சாமிங்க இமயமலைக்குப் போனாங்க. நம்ம சாமி லோரியிலேயே தவம் இருந்தாரு லா!"

தவத்தின் பலன் ஒரு செப்புத் தகடு. உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு கண், சுற்றிலும் சின்னச் சின்னச் சக்கரங்கள். இதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டால் லோரிக்குக் கண் திறக்குமாம். பக்கத்தில் வருகிற வண்டியை லோரி பார்த்துவிடுமாம். தகட்டில் தரம் உண்டு. ஆறு சக்கர லோரிக்கு ஆறு சக்கரத் தகடு. பத்துச் சக்கரத்துக்குப் பத்து. கண்டெய்னருக்குப் பதினெட்டு. காணிக்கையும் சக்கரத்துக்கு ஏற்றபடி உருண்டது. ஸ்பேர் சக்கரம் இலவசமா என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

தகட்டோடு உபதேசமும் கிடைத்தது.

"தகட்ட லோரிக்குக் காட்டணும். பின்னால ஒளிஞ்சுகிட்டுப் போனா அது எப்படிப் பாக்கும்? இடது பக்கம் கதவோரமா ஒட்டிப் போ. பயப்படாதே. பயந்தா தகடு தூங்கிடும்."

அதாவது, எந்த இடத்தில் போனால் உயிர் போகுமோ அந்த இடத்தைத் தேடிப்பிடித்துப் போகச் சொன்னார்.

கார்த்திகேசு அப்படித்தான் போனார். ஆறு சக்கரத் தகட்டைக் கட்டிக்கொண்டு கண்டெய்னர் லோரியின் கதவோரமாக ஒட்டிப் போனார். லோரி இடது பக்கம் திரும்பியது. அவர் திரும்பி வரவில்லை. கூட்டம் கொஞ்சம் கலங்கியது. சாமி கலங்கவில்லை. கார்த்திகேசுவின் மனைவி இராஜம்மாவைக் கொட்டகைக்கு வரவழைத்து, எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, வருத்தமான குரலில் சொன்னார்:

"உன் வீட்டுக்காரரு வாங்கினது ஆறு. வந்தது பதினெட்டு. நான் என்னம்மா செய்யட்டும்?"

அன்று மதியத்துக்குள் பதினெட்டுச் சக்கரத் தகடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு சாவை இவ்வளவு லாபமாக யாரும் விற்றிருக்க மாட்டார்கள். இராஜம்மாவுக்கும் சாமி கருணை காட்டினார். பூஜைக்கு வேண்டிய எலுமிச்சம்பழத்தைக் கொட்டகை வாசலில் விற்றுக்கொள்ள ஒரு மூலை கொடுத்தார். விற்றதில் பாதி சாமிக்கு.

அந்தப் பதினெட்டுகளில் ஒன்று கிரிகரியின் வீட்டுக்கு வந்தது.

கிரிகரி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறவன். போகிற வழியில் தங்கை கேத்தரினைப் பள்ளியில் இறக்கிவிடுவான். கேத்தரின் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்து முடித்து, அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். நல்ல ஆசிரியை என்று சொன்னார்கள். சொன்னவர்கள் முதல் மூன்று வரிசை மாணவர்கள். அவள் குரல் அதற்குமேல் போகாது. யாராவது இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் அவளுக்கு முகம் சிவந்துவிடும், பேச்சு நின்றுவிடும்.

கிரிகரி தகட்டைக் கட்டுவதை வாசலில் நின்று அம்மா பாக்கியம் பார்த்தாள். வண்டியில் ஏற்கெனவே புனித கிறிஸ்டோபர் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பயணிகளைக் காப்பவர் என்று அவளே கட்டிவிட்டது அது.

"ஏன்டா, கிறிஸ்டோபர் இருக்கிற எடத்துல இது என்னடா?"

"லோரிக்கு மதம் கிடையாதும்மா. சாமியே சொல்லிட்டாரு."

"அவருக்குக் கோவம் வராது?"

"அவரு வலது பக்கம், இவரு இடது பக்கம். ரெண்டு பேருக்கும் தனித்தனி லேன் குடுத்தாச்சு."

பாக்கியம் யோசித்தாள். மகனுக்கு இரண்டு காவல் என்றால் ஒன்றைவிட நல்லதுதானே. "சரி, ரெண்டும் இருக்கட்டும்" என்று உள்ளே போனாள்.

கேத்தரின் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, லோரிக்கு ஏது கண்ணு? ஓட்டுறவருக்குத்தானே கண்ணு?"

"நீ டிகிரி படிச்சவ. உனக்கு இதெல்லாம் புரியாது."

டிகிரி படித்ததால் புரியாமல் போகிற விஷயங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய இருந்தன.

மறுநாள் காலை பந்திங் சாலையில் ஒரு கண்டெய்னர் லோரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்தின வாரம்வரை கிரிகரி இப்படிப்பட்ட லோரியைக் கண்டால் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிடுவான். இப்போது முறுக்கினான். இடது பக்கமாக ஏறி, லோரியின் கதவுக்கு நேராக வந்து, அதோடு ஒட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, பின்னால வா."

"தகட்டக் காட்டணும். பயப்படாதே!"

பின்னால் உட்கார்ந்திருந்த கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அவள் தோள் உயரத்துக்குச் சக்கரம் சுழன்றது. அதற்குமேல் கதவு. கதவுக்கும் மேலே, ஒரு கம்பியின் நுனியில் கண்ணாடி. கண்ணாடியில் வானம் தெரிந்தது. விளக்குக் கம்பம் ஒன்று தெரிந்து மறைந்தது. ஓட்டுநரின் முகம் தெரியவில்லை.

முந்தின வாரம்தான் அவள் வகுப்பில் ஒளி பாடம் நடத்தியிருந்தாள். கண்ணாடியில் நான் உன்னைப் பார்க்க முடிந்தால் நீயும் என்னைப் பார்க்க முடியும். ஒளி போன வழியிலேயே திரும்பி வரும். முதல் மூன்று வரிசைக்குக் கேட்ட பாடம். இவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் நான் இவருக்கு இல்லவே இல்லை.

அதை அண்ணனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் லோரி இடது பக்கம் திரும்பத் தொடங்கியது.

கிரிகரி ஹாரனை அழுத்தினான். லோரியின் இரைச்சலில் அது கொசு முனகியதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி சறுக்கிப் புல்லில் ஏறி இருவரையும் வாய்க்கால் ஓரம் தள்ளியது. அவர்கள் ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்தில் லோரியின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றாக உருண்டு போயின. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவும் நடக்கவில்லையே, பார்க்க.

கேத்தரினின் சேலை முழுக்கச் சேறு. கிரிகரிக்கு முழங்கை தோலுரிந்து ரத்தம். அவன் எழுந்ததும் முதலில் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"பாத்தியா? தகடு மட்டும் இல்லன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்?"

"தகடு மட்டும் இல்லன்னா," என்றாள் கேத்தரின், "நீ அங்க போயிருக்கவே மாட்டே."

அது அவன் காதில் விழவில்லை. அற்புதம் நடந்தவனின் காது அப்படித்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிகரி தன் அற்புதத்தைச் சொல்லக் கொட்டகைக்குப் போனான். கேத்தரினும் கூடப் போனாள். கூட்டத்தின் ஓரத்தில், இராஜம்மாவின் எலுமிச்சைக் கூடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

சாமி முதலில் சங்கு ஊதினார். பிறகு சாலை ஓரத்தில் தேநீர் குடிக்க நின்ற ஏதோ ஒரு கண்டெய்னர் லோரியை அழைத்துவரச் சொன்னார். வாரா வாரம் வேறு லோரி, வேறு ஓட்டுநர். அதுதான் கூட்டத்தை மயக்கியது. "சாமிக்கு ஆள் செட்டப் கிடையாது லா. ரோட்டுல போறவனக் கூப்பிட்டுக் கேக்குறாரு." லோரியின் முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதைத் தாண்டினாலும் குறைந்தாலும் சாமி விடமாட்டார். புனிதக் கோடு.

இடது கதவுக்குக் கீழே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பக்தரின் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். வலது பக்கம் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஓட்டுநரிடம் சாமி கேட்டார்.

"ஓட்டுறவரே, உங்க இடது பக்கம் மோட்டார் தெரியுதா?"

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தெரியல."

கூட்டம் மூச்சை இழுத்தது. சாமி தகட்டைக் கட்டினார். கற்பூரம் காட்டினார். சாம்பிராணிப் புகை மூட்டினார். வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழங்களை வைத்தார். புது வண்டி வாங்கினால் எல்லாரும் செய்வதுதான். சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்து, அதன்மேல் வண்டியை ஏற்றி நசுக்கி நகர்த்துவது. பக்தர் வண்டியைத் தள்ளினார். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. கூட்டம் அரோகரா போட்டது.

"இப்போ?"

"ஆ, தெரியுது! நீல மோட்டார்!"

கூரை அதிர்ந்தது. எல்லாரும் தகட்டைப் பார்த்தார்கள், சாமியைப் பார்த்தார்கள். இதற்கு முன்னால் பார்த்த அத்தனை பேரும் அதைத்தான் பார்த்திருந்தார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் பழைய வாரத்து எலுமிச்சைக் கறைகள் இருந்தன. நேராக இல்லை. கோணலாக, லோரியை விட்டு வெளியே விலகி, முன்பக்கமாக ஒரு வரிசை. எல்லா வாரத்துக் கறையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தது. கறை தொடங்குகிற இடத்தில் நின்ற வண்டி இப்போது கறை முடிகிற இடத்தில் நின்றது. ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற தூரம். லோரியின் மூக்கைத் தாண்டி, ஓட்டுநருக்கு முன்பக்கக் கண்ணாடி வழியே தெரிகிற இடத்துக்குள்.

வண்டி நகர்ந்தது அத்தனை பேர் கண்முன்னால். ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அது நகர்வது இல்லை, சடங்கு. சடங்கில் நகர்ந்த தூரத்தை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

கெலிண்டான் என்ன வேலை செய்கிறவன் என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓட்டுநரால் பார்க்க முடியாத இடத்தைப் பார்த்துச் சொல்கிறவன். அந்த இடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது பாலனுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. தவம்தான், சந்தேகமில்லை.

இதற்குள் கிரிகரியின் கதையைக் கேட்டுச் சாமி பூரித்துப் போயிருந்தார். அவன் தோளில் கை போட்டு அறிவித்தார்.

"அடுத்த ஞாயிறு கிரிகரி மோட்டாருக்குத்தான் பூஜை. பூஜை முடிஞ்சதும் சக்கர யாத்திரை! தகடு கட்டின எல்லாரும் தெலுக் பங்லிமா வரைக்கும் போறோம். ஆளுக்கு ஒரு லோரி. கதவோரமா ஒட்டி! முன்னால கிரிகரி!"

அவ்வளவு பேரும் கை தட்டினார்கள். வாய்க்கால் ஓரத்தில் உருண்டு போன சக்கரங்கள் கேத்தரினின் கண்ணுக்கு முன்னால் மீண்டும் உருண்டன.

வாரம் முழுக்க அண்ணனிடம் மன்றாடினாள். எலுமிச்சை, கண்ணாடி, ஒளி, கோணம், எல்லாம் சொன்னாள்.

"பொறாமைப்படாதே," என்றான் கிரிகரி. "நான் முன்னால போறேன்னுதானே உனக்கு?"

சனிக்கிழமை அவள் வாதத்தை நிறுத்தினாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு எலுமிச்சம்பழத்து மேல மோட்டார நானே தள்ளட்டுமா?"

தங்கை வழிக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் சாமிக்கும் சந்தோஷம். "டீச்சரம்மாவே வந்துட்டாங்க! படிச்சவங்களுக்கும் புத்தி வருது பாருங்க!" கூட்டம் சிரித்தது. யாத்திரைக்குத் தயாராக வண்டிகள் சாலையைப் பார்த்தபடி நின்றன. சில வண்டிகளில் குழந்தைகளும் இருந்தார்கள்.

அன்று மாட்டிய லோரிக்காரர் பழனியப்பன். பெரிய மீசை, தோளில் துண்டு. தேநீரைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. மஞ்சள் கோட்டில் லோரியை நிறுத்தினார். கிரிகரியின் சிவப்பு ஹோண்டாவைக் கதவுக்குக் கீழே நிறுத்தினார்கள்.

"தெரியுதா?"

"இல்ல லா. தூரத்துல ஆளுங்க தலை தெரியுது. மோட்டாரு இல்ல."

தகடு, கற்பூரம், புகை. எலுமிச்சைகள் கறையின்மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன. கேத்தரின் ஹேண்டிலைப் பிடித்தாள். அத்தனை கண்களும் அவள்மேல். முகம் காதுவரை சிவந்தது. தள்ளினாள். பழங்கள் நசுங்கின.

"இப்போ?"

"தெரியுது. செவப்பு ஹோண்டா. ஒரு பொண்ணு புடிச்சிக்கிட்டு நிக்குது."

சங்கு முழங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. கேத்தரின் அங்கே நிற்கவில்லை. தகடு கட்டியது கட்டியபடி, வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளினாள். நசுங்கிய பழங்களின் மேலேயே, வந்த வழியே, தொடங்கிய இடத்துக்கு.

சங்கு பாதியில் நின்றது.

அவள் மேலே பார்த்து ஓட்டுநரிடம் கேட்டாள். குரல் கதவு உயரத்தைக்கூட எட்டவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கேளு."

கிரிகரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகடு கட்டியிருக்கிறதே, தெரியத்தான் தெரியும் என்ற தைரியத்தில் தொண்டை கிழியக் கேட்டான்.

"அண்ணே! இப்போ தெரியுதா?"

"இல்லியே! இப்பத்தான் இருந்துச்சு, எங்கப்பா போச்சு?"

கேத்தரின் தகட்டை அவிழ்த்தாள். எலுமிச்சைக் கூடையோடு நின்ற இராஜம்மாவின் கையில் அதைக் கொடுத்தாள். தகடு இல்லாமல் வண்டியை மறுபடி முன்னால் தள்ளினாள்.

"இப்போ?" இந்த முறை கிரிகரியின் குரலில் சத்தம் குறைந்திருந்தது.

"ஆ, தெரியுது, தெரியுது."

கொட்டகையில் செண்டோல் வண்டியின் ஐஸ் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாமி சுதாரித்துக்கொண்டார். "சர்ச்சுக்காரி கை பட்டா தகடு எப்படி வேலை செய்யும்? அவங்க ஆளுங்க நம்ம சாமியக் கெடுக்க வந்திருக்காங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். கேத்தரின் வண்டியை மறுபடி கதவுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள். ஹேண்டிலின் வலது பக்கம் தொங்கிய கிறிஸ்டோபர் பதக்கத்தைக் கழற்றி, லோரிக்குக் காட்டுவதுபோல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

கிரிகரி கேட்டான். "அண்ணே, இப்போ?"

"ஒண்ணும் இல்ல லா! எத்தன தடவ கேப்பீங்க?"

புனித கிறிஸ்டோபரும் தெரியவில்லை. கூட்டத்தில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். முன்னால் வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

சிரிக்காத ஒருத்தி இருந்தாள். இராஜம்மா. கூடையைக் கீழே வைத்துவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு சாமியின் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, டீச்சர் கை வேணாம். உங்க கையாலயே கட்டுங்க. நீங்களே அந்த மோட்டாருல ஏறி உக்காருங்க. பதினெட்டுத் தகடுதானே? டிரைவரண்ணன் லோரிய இடது பக்கம் ஒடிக்கட்டும். தெரிஞ்சா நிறுத்துவாரு."

"சாமியச் சோதிக்கக் கூடாதும்மா."

"என் வீட்டுக்காரர வச்சுச் சோதிச்சீங்களே."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "உக்காருங்க சாமி! பயந்தா தகடு தூங்கிடும்!" அவருடைய உபதேசமே அவரைத் தேடி வந்தது. இன்னொரு குரல். அப்புறம் கொட்டகை முழுக்க அதே குரல். தட்சிணை கொடுத்து மனப்பாடம் செய்த வார்த்தைகளாயிற்றே, ஒருவருக்கும் பிசகவில்லை.

சாமி உட்கார்ந்தார். வேறு வழியில்லை. காவி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவுக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில். பதினெட்டுச் சக்கரத் தகடு ஹேண்டிலில் பளபளத்தது.

பழனியப்பன் எஞ்சினை முடுக்கினார். அவ்வளவுதான். கியர்கூடப் போடவில்லை. பிரேக்கின் காற்று "புஸ்" என்று சீறியது.

சக்கரானந்த சுவாமிகள் வண்டியோடு சரிந்து விழுந்து, எழுந்து, இரண்டு கையாலும் லோரிக் கதவைப் படபடவென்று தட்டினார்.

"ஸ்டாப்! ஸ்டாப்! இடது பக்கம் ஆளு இருக்கு! இடது பக்கம் ஆளு இருக்கு!"

அவர் இத்தனை காலமாகக் கொட்டகையில் சொன்னதெல்லாம் பொய். இந்த ஒரு வாக்கியம் மட்டும் உண்மை. சாமி காணாமல் போய், கெலிண்டான் பாலன் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

பழனியப்பன் எஞ்சினை அணைத்து இறங்கி வந்தார். நசுங்கிய எலுமிச்சையைப் பார்த்தார், வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"இந்த எடத்துல யாரு நின்னாலும் எனக்குத் தெரியாது லா. முருகனே மயில் மேல வந்து நின்னாலும் தெரியாது. தெரியுதா தெரியுதான்னு கேட்டீங்க, சொன்னேன். எங்க நின்னா தெரியும்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?"

"நான் ஏறிப் பாக்கலாமா?" என்றான் கிரிகரி.

அவன் ஓட்டுநரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கேத்தரின் கீழே விழுந்து கிடந்த வண்டியை நிமிர்த்தி, அதே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணாடியைப் பார்த்தான். ஜன்னலை எட்டிப் பார்த்தான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். வானம், கொட்டகைக் கூரை, செண்டோல் வண்டியின் குடை.

"கேத்தரின்," என்று மேலிருந்து கூப்பிட்டான். "நீ அங்கதான் நிக்கிறியா?"

அவள் பதில் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை.

"கேத்தரின்!"

அவன் இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. தங்கை நிற்கிற இடத்தையும், வண்டி விழுந்தபோது தெறித்துத் தரையில் கிடந்த தகட்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாய்க்கால் ஓரம் அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது என்று தோன்றியது. அவளிடமிருந்து கிறிஸ்டோபர் பதக்கத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தகட்டை எடுக்கவில்லை.

அவனுக்குப் பிறகு ஒவ்வொருவராக லோரியில் ஏறிப் பார்த்தார்கள். இறங்கி வந்தவர்கள் ஏறியவர்களைப்போல் இல்லை. யாத்திரைக்காகச் சாலையைப் பார்த்து நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வீட்டைப் பார்த்துத் திரும்பின. குழந்தைகளைக் கொண்டுவந்தவர்கள்தான் முதலில் திரும்பினார்கள். இராஜம்மா நசுங்கிய எலுமிச்சைகளைக் காலால் வாய்க்காலுக்குள் ஒதுக்கித் தள்ளினாள். கூடையில் மிச்சமிருந்ததைச் செண்டோல்காரரிடம் கொடுத்து, எல்லாருக்கும் சாறு பிழிந்து கொடுக்கச் சொன்னாள். அந்தக் கொட்டகையில் எலுமிச்சம்பழத்தால் விளைந்த முதல் நன்மை அது.

ஒரு பெரியவர் கேத்தரினிடம் வந்தார். துறைமுகத்துச் சீருடை போட்டிருந்தார்.

"அப்போ லோரிகிட்டேருந்து எப்படித்தான் தப்பிக்கிறது டீச்சர்?"

கூட்டம் இல்லை, ஒரே ஒருவர் என்பதால் அவளுக்குப் பேச வந்தது.

"லோரிக் கண்ணாடியப் பாருங்க அங்கிள். அதுல டிரைவர் மூஞ்சி தெரிஞ்சா, உங்களையும் அவருக்குத் தெரியும். தெரியலன்னா நீங்க அங்க இல்லன்னுதான் அவரு நெனச்சுக்குவாரு. பின்னால வந்துடுங்க. நல்லாத் தள்ளியே வாங்க. முந்தணும்னா வலது பக்கம், எடம் பாத்துச் சட்டுனு முந்திடுங்க. கூடவே ஒட்டிப் போகாதீங்க. இடது பக்கம் மட்டும் எப்பவும் வேணாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"காணிக்கை?"

"ஒண்ணும் வேணாம்."

பெரியவர் முகத்தில் சந்தேகம் படர்ந்தது. "காசு வாங்காட்டி பலிக்குமா?"

கேத்தரின் படித்த அறிவியலில் அதற்குப் பதில் இல்லை.

சாமியை யாரோ தேடினார்கள். உண்டியலைக் காணோம், சாமியையும் காணோம். அண்ணனும் தங்கையும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கொஞ்ச தூரத்தில், சாலையில், காவி வேட்டி காற்றில் பறக்க ஒரு மோட்டார் சைக்கிள் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் முன்னால் ஒரு கண்டெய்னர் லோரி. கிரிகரி வேகத்தைக் குறைத்து, பின்னாலேயே வந்து, வேடிக்கை பார்த்தான்.

சக்கரானந்த சுவாமிகள் தலையில் நல்ல ஹெல்மெட். ஹேண்டிலில் தகடு ஏதும் இல்லை. பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டிருந்தார். லோரிக்குப் பின்னால், அதன் கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வெகு தூரம் தள்ளியே வந்தார். லோரி இடது விளக்கைச் சிமிட்டியதும் நின்றேவிட்டார். அது முழுக்கத் திரும்பி முடிக்கும்வரை மிகப் பணிவாகக் காத்திருந்து, பிறகு போனார்.

அவர் சொன்னதைக் கேட்க ஊரே திரண்டு வந்தது. அவர் எப்படிப் போகிறார் என்று ஒருவராவது ஒரே ஒரு நாள் பார்த்திருந்தால், கார்த்திகேசு உயிரோடு இருந்திருப்பார். சாமியிடம் காது கொடுக்கிறவர்களே, கண்ணை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.